பாக்குவெட்டிச் சத்தம்

எங்க அப்பத்தா கடைசி ரெண்டு வருஷம் யாரையும் அடையாளம் தெரியாமக் கெடந்தாக. பெத்த மகனப் பாத்தே ‘நீ எந்த ஊரு தம்பி’ன்னு கேப்பாக. ஆனா மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு திண்ணையில யாராவது உக்காந்து பாக்குவெட்டிய எடுத்து நறுக்குன்னு ஒரு பாக்க வெட்டுனாப் போதும், உள்ள கட்டில்ல படுத்திருக்கவகளோட கை தானா இடுப்புக்குப் போகும். அங்க சுருக்குப்பை இருக்காது, அதை எடுத்து வச்சே ஒரு வருஷம் ஆயிருக்கும், இருந்தாலும் வெரலு சேலைக் கொசுவத்துக்குள்ள தொழாவும், வாயி மெல்லுற மாதிரி அசைய ஆரம்பிச்சிரும். அறுபது வருஷம் வெத்தல போயில போட்ட வாயி அது. செட்டியார் வீட்டு விசேஷங்களுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுத்தே எங்க குடும்பத்தைக் கரையேத்துன மனுஷி, அடுப்புப் பக்கத்துல ராத்திரி முழுக்க முழிச்சிருக்கணும்னு ஆரம்பிச்ச பழக்கம்னு சொல்லுவாக. பேரு மறந்துச்சு, மொகம் மறந்துச்சு, அந்தச் சத்தம் மட்டும் மறக்கல.

அதை நான் அப்ப வயசானவக சமாச்சாரம்னு விட்டுட்டேன். இத்தனைக்கும் நான் ப்ளஸ் டூவுக்கு சுவாலஜி எடுக்கிறவ, நரம்பு மண்டலம் பாடத்தை வருஷா வருஷம் நடத்துறவ. போன வருஷம் எங்க அண்ணன் மகன், முறைக்கு எனக்கு மருமகன், அவன் பக்கத்துல ஒரு பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தப்பத்தான் அப்பத்தா கை ஞாபகம் வந்துச்சு. இதை எழுதலாமான்னு அவன்கிட்ட கேட்டேன், பேரு மட்டும் போடாதீங்க அயித்தைன்னான்.

அவனுக்கு அப்ப பதினாறு வயசு. பத்தாவது படிக்கிறப்ப ஆரம்பிச்சிருக்கான், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல அடக்கி வைக்கிறாங்களே அந்தப் புகையிலைப் பை, வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, புகை கிடையாது, துப்ப வேண்டியதில்ல, வகுப்புல உக்காந்துக்கிட்டே வச்சுக்கலாம். கீழ் உதட்டுக்குள்ள வெள்ளையாத் தடிச்சுப் போயி, பல்லு டாக்டர்ட்ட போனப்பத்தான் வீட்டுக்குத் தெரிஞ்சுச்சு. அண்ணன் பெல்ட்டக் கழட்டிட்டாக. மதினி ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம் எல்லாருமாப் பேசி, லீவு விட்டதும் திருப்பூர்ல இருக்க அவன் மாமா வீட்டுக்கு அனுப்பி வச்சோம். 45 நாள். மொத நாலஞ்சு நாளு எரிச்சல், தூக்கமில்ல, யாரப் பாத்தாலும் எரிஞ்சு விழுந்திருக்கான், அதுக்கப்புறம் ஒழுங்கா ஆயிட்டான். மாமா கூட பனியன் கம்பெனிக்குப் போனான், நல்லாச் சாப்பிட்டான், ரெண்டு கிலோ ஏறி வந்தான். கைவிட்டாச்சுன்னு அண்ணன் குன்றக்குடிக்குப் போயி முருகனுக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்தாக.

ஸ்கூல் தொறந்த மொத வாரமே மறுபடி வச்சுட்டான்.

வீட்டுல எல்லாருக்கும் ஒரே கேள்வி. 45 நாள் அங்க இருக்கத் தெரிஞ்சவனுக்கு இங்க இருக்கத் தெரியாதா, அப்ப இது திமிருதானே. நானும் அப்படித்தான் நெனச்சேன், அதை மறைக்க விரும்பல. இவ்வளவு பேரு கண்ணீர் விட்டும் ஒரு பயலுக்கு மனசு எறங்கலயேன்னு கோவம் கோவமா வந்துச்சு. அவன் ஸ்கூல்ல ஒருத்தர் பிரேயர்ல நிக்க வச்சு எல்லார் முன்னாடியும் கேவலமாப் பேசியிருக்காரு, அது வேற.

ஒரு சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கிட்டு அவன் வழக்கமா ஏறுற பஸ் ஸ்டாப்புக்கே போனேன். திட்டுறதுக்கு இல்ல, சும்மா உக்காந்தோம். எதிர்ல ஒரு பெட்டிக்கடை, பக்கத்துல ரெண்டு தெருவுக்கும் வாசல் வச்ச ஒரு பெரிய வீடு, நம்ம காரைக்குடிப் பக்கத்து வீடுகள்தான் தெரியுமே, முன்வாசல் ஒரு தெருவுல இருந்தா பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும், சொந்தக்காரவக சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாக, வருஷத்துல பத்து நாளு தொறந்தா அதிகம். அந்தப் பின்வாசல் படியிலதான் பசங்க கூடுறது. அவன் அந்தப் படியப் பாத்தான், கடையப் பாத்தான், எச்சி முழுங்குனான். கீழ் உதட்ட நாக்கு வச்சுத் தொழாவிக்கிட்டே இருந்தான், அது அவனுக்கே தெரியல. அங்கதான் எனக்கு அப்பத்தாவோட வெரலு கண்ணுக்குள்ள வந்துச்சு.

“ரொம்பப் பிடிக்குதாடா அது?”ன்னு கேட்டேன்.

“பிடிக்கவே இல்ல அயித்தை. வச்சா எரியுது, சில நேரம் தல சுத்துது. ஆனா இந்த எடத்துக்கு வந்தா வேணும்னு இருக்கு. வச்ச அப்புறம் ஏன்டா வச்சோம்னு இருக்கு.”

பிடிக்கிறது வேற, வேணும்ங்கிறது வேற. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல கென்ட் பெர்ரிட்ஜ், டெர்ரி ராபின்சன்னு ரெண்டு பேரு 1993-லயே இதை எழுதிட்டாங்க. ஒரு பொருள்ல கிடைக்கிற சுகமும் அந்தப் பொருள் மேல வர்ற இழுப்பும் மூளையில ஒரே வேலை கிடையாது, போதைப் பழக்கம் முத்த முத்த சுகம் கூடாமலே, சில சமயம் கொறஞ்சும் கூட, இழுப்பு மட்டும் வளந்துக்கிட்டே போகும்னு. எம் மருமகன் அந்தக் கட்டுரையப் படிச்சதில்ல. பஸ் ஸ்டாப்புல உக்காந்து அதையே சொன்னான்.

இந்த இழுப்பு ஏன் எடத்தோட ஒட்டிக்குது? புளியங்காயக் கடிக்கிறவனப் பாத்தா நமக்கு வாய் ஊறுதுல்ல, அதுதான் அடி. சாப்பாடு வரப்போற அடையாளம் தெரிஞ்சாலே நாய்க்கு எச்சி ஊறும்னு ரஷ்யாவுல பாவ்லோவ் காட்டுனது எல்லாரும் படிச்சதுதான். அதுக்கு மேல 1990-கள்ல சுவிட்சர்லாந்துல வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்ங்கிறவரு கொரங்கு மூளையில டோபமைன் செல்லு, அதாவது ஆசையத் தூண்டுற ரசாயனத்த விடுற செல்லு, எப்பத் துடிக்குதுன்னு அளந்து பாத்தாரு. கொரங்குக்கு ஜூஸ் கொடுக்குறப்ப மொதல்ல அது ஜூஸ் வாயில பட்டதும் துடிக்குது. ஜூஸுக்கு முன்னாடி ஒரு வெளிச்சம் காட்டிக் காட்டிப் பழக்குன அப்புறம் அந்தத் துடிப்பு வெளிச்சத்துக்கு மாறிருது, ஜூஸ் வர்றப்ப செல்லு பேசாம இருக்கு. வெளிச்சம் வந்தும் ஜூஸ் வரலேன்னா வழக்கமா இருக்க அளவுக்கும் கீழ எறங்கிருது. அந்த எறக்கத்தைத்தான் மனுஷன் என்னமோ தொலைச்ச மாதிரி உணருறான்னு நான் புரிஞ்சுக்கிறேன். பெட்டிக்கடை அந்த வெளிச்சம். கடை கண்ணுல பட்ட நிமிஷமே அவன் மூளை வரப்போறதுக்கு எல தண்ணி தெளிச்சு உக்காந்துருது, இவன் முடியாதுன்னு சொல்றது எல போட்ட பந்தியில இருந்து எந்திரிக்கிற மாதிரி. புகையிலையில இருக்க நிக்கோட்டின் சாதாரணமாவே டோபமைன உசுப்பி விடுற பொருள், அதனால இந்தப் பாடம் ஜூஸ விட ஆழமாப் பதியுது.

அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி 2011-ல வந்துச்சு. சிகரெட் பிடிக்கிறவங்கள ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு சாதாரணமா ஒரு சினிமா போட்டுருக்காங்க. படத்துல ஒருத்தர் சிகரெட் பிடிக்கிற காட்சி வர்றப்ப எல்லாம் பாக்குறவங்க மூளையில, கைய எப்படி அசைக்கணும்னு திட்டம் போடுற பகுதி வேலை செய்ய ஆரம்பிக்குது. பிடிக்காதவங்களுக்கு அப்படி இல்ல. கை அசையல, ஆனா மூளை கைக்குச் சொல்லி அனுப்பத் தயாராயிருச்சு. இதைப் படிச்சிட்டு நான் அப்படியே புத்தகத்த மூடி வச்சுட்டேன், அப்பத்தா இடுப்புல தொழாவுன வெரலு இதேதான்.

சரி, அப்ப திருப்பூர்ல எப்படி முடிஞ்சுச்சு? வியட்நாம் போர்ல அமெரிக்கச் சிப்பாய்ங்க நெறையப் பேரு ஹெராயின் பழகிட்டாங்க, அங்க இருக்கப்ப கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் அடிமையாவே ஆயிருந்தாங்க. ஊரு திரும்புனதும் என்ன ஆகுமோன்னு அரசாங்கமே பயந்துச்சு. லீ ராபின்ஸ்ங்கிற அம்மா 1970-கள்ல பின்தொடர்ந்து பாத்தப்ப, அங்க அடிமையா இருந்தவங்கள்ல நூத்துக்கு அஞ்சு பேரு போலத்தான் மொத வருஷத்துல மறுபடி அடிமையாயிருந்தாங்க. அதுக்கு வேற காரணங்களும் உண்டு, ஆனா ஒண்ணு தெளிவு, பழகுன காடு, பழகுன கூட்டம், பழகுன பயம் எதுவும் சொந்த ஊர்ல இல்ல. எம் மருமகனுக்குத் திருப்பூருதான் அந்தச் சொந்த ஊரு மாதிரி, காரைக்குடிதான் வியட்நாம். அவன் போர் நடந்த எடத்துக்கே திரும்பி வந்தான்.

இதுல இன்னொன்னு இருக்கு, எங்க வீட்டுல யாருக்கும் தெரியாதது. விட்டு நாளாக நாளாக ஆசை கொறையும்னுதானே எல்லாரும் நெனைக்கிறோம். உடம்புக் கஷ்டம் கொறையுது, நிக்கோட்டினுக்கு அது மொத ரெண்டு மூணு நாள்ல உச்சத்துல இருக்கும், மூணு நாலு வாரத்துல அடங்கும். ஆனா பழைய அடையாளத்தக் கண்ணுல காட்டுனா வர்ற இழுப்பு இருக்கே, அது கொஞ்ச நாளைக்கு ஏறத்தான் செய்யுது. மொதல்ல எலிகள்ட்ட பாத்தாங்க, 2001-ல, கொக்கெய்ன வச்சு. அப்புறம் 2011-ல சிகரெட் பிடிக்கிற மனுஷங்கள்ட்டயும் பாத்தாங்க. 7 நாள் விட்டவங்களுக்குக் காட்டுனப்ப வந்த ஆசைய விட 35 நாள் விட்டவங்களுக்குக் காட்டுனப்ப வந்த ஆசை கூடுதலா இருந்துச்சு. நாங்க அவன சரியா அந்த நேரம் பாத்துப் பெட்டிக்கடை முன்னாடி எறக்கி விட்டுருக்கோம், வாழ்த்துச் சொல்லி, புது பேக் வாங்கிக் கொடுத்து.

பதினாறு வயசுல இது ஏன் இவ்வளவு கெட்டியாப் பிடிக்குது? அந்த வயசுல எல்லாமே கெட்டியாத்தான் பிடிக்கும். ஊருணியில நீச்சல் ரெண்டு நாள்ல வந்துரும், பைக்கு ஒரு மணி நேரத்துல வந்துரும், ஒரு பாட்ட ரெண்டு தடவ கேட்டா அறுபது வயசு வரைக்கும் மறக்காது. கத்துக்கத் தயாரா இருக்க மூளை, எது நல்லது எது கெட்டதுன்னு பாத்துக் கத்துக்கிறது இல்ல. ஆசையும் பரிசும் ஓடுற பாதை அந்த வயசுல முழு வேகத்துல இருக்கு, நிறுத்து யோசின்னு சொல்ற நெத்திப் பக்க மூளை இருபத்தஞ்சு வயசு வரைக்கும் பக்குவப்பட்டுக்கிட்டே இருக்கு. 2008-ல ஒரு ஆய்வு, கொக்கெய்ன் கொடுத்த கூண்டுப் பக்கமே போயி நிக்கப் பழகுன எலிங்க, இனிமே அங்க ஒண்ணும் கெடைக்காதுன்னு காட்டிக் காட்டி அந்தப் பழக்கத்த மறக்க வைக்கிறப்ப பெரிய எலிகள விட எளசுங்களுக்கு ரொம்ப நாள் பிடிச்சுச்சு, மறந்த மாதிரி இருந்தும் ஒரு சின்ன டோஸ்ல பழையபடி திரும்பிருச்சு. எலி மனுஷன் ஆகாது, ஆனா என் வகுப்புல இருக்க முகங்கள நெனச்சுக்கிட்டுத்தான் இதைப் படிச்சேன். 2019-ல நாடு முழுக்க 13-ல இருந்து 15 வயசுப் பள்ளிப் பிள்ளைகள்ட்ட எடுத்த சர்வேயில 8.5 சதவீதம் பேரு ஏதோ ஒரு விதத்துல புகையிலை உபயோகிக்கிறாங்க. 60 பேரு இருக்க வகுப்புன்னா அஞ்சு பேரு. எந்த அஞ்சுன்னு தெரியாம தினம் வருகைப் பதிவு எடுக்கிறேன்.

ஒரு நோட்ட எடுத்து அவன்கிட்ட கொடுத்தேன். வேணும்னு தோணுற நேரம் எல்லாம் அந்த நேரத்துல என்ன பாத்த, என்ன கேட்ட, என்ன வாசம் வந்துச்சு, யாரு கூட இருந்த, அதை மட்டும் எழுது, வச்சியா இல்லையான்னு எழுத வேண்டாம்னேன். வச்சாயான்னு கேட்டா பொய்யெழுதுவான், அது எனக்குத் தெரியும். பத்து நாள் கழிச்சு கொடுத்தான். பஸ் ஸ்டாப்பு, பின்வாசல் படி, அது நாங்க எதிர்பாத்ததுதான். கவர் கிழிக்கிற சத்தம், பிஸ்கட் கவரா இருந்தாலும். புரோட்டா சாப்பிட்ட அப்புறம். கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி. ஒரு ஃப்ரெண்டோட வாட்ஸ்அப் சத்தம், அவன் ஒருத்தனுக்கு மட்டும் வேற ரிங்டோன் வச்சிருக்கான். புதினா வாசம்னு போட்டு அடைப்புக்குள்ள ‘பேஸ்ட்டு கூட’ன்னு எழுதியிருந்தான். அந்தப் பையில புதினா வாசம் சேத்துத்தான் விக்கிறாங்க. எம் மருமகன் தினம் காலையில பல்லு விளக்குறப்பவே மூளை மணியடிக்க ஆரம்பிச்சிருக்கு, எங்க யாருக்குமே தெரியாது. கடைசி வரியில ‘அப்பா சட்டை’ன்னு இருந்துச்சு.

அண்ணன் சிகரெட் பிடிப்பாக. வீட்டுக்குள்ள பிடிக்க மாட்டாக, வெளிய பிடிச்சிட்டு வந்து சட்டையக் கழட்டி ஆணியில மாட்டுவாக. நோட்ட வாங்கி கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியாப் படிச்சாக. கடைசி வரியில ரொம்ப நேரம் நின்னாக. அன்னைக்கு ராத்திரி ஒண்ணும் பேசல. மறுநாள் சட்டைய நேரா வாளியில போட்டாக. புகையிலைய விடணும்னா கூப்பிடுறதுக்குன்னு அரசாங்கத்தோட இலவச நம்பரு 1800-11-2356, அதை நான் எழுதிக் கொடுத்தது பையனுக்கு, மொதல்ல கூப்பிட்டது அண்ணன். இன்னும் முழுசா விடல, கொறச்சிருக்காக. வேற போதைப் பொருளா இருந்தா 14446 இருக்கு, அதையும் சேத்தே சொல்லிடுறேன், யாரு வீட்டுல எப்பத் தேவைப்படும்னு தெரியாது.

அப்புறம் அந்தப் பட்டியல வச்சுத்தான் வேலைய ஆரம்பிச்சோம். ஒரு டாக்டர்ட்டயும் போனோம், மனநல டாக்டர், மதினிக்கு மொதல்ல அந்த வார்த்தையே பிடிக்கல, போயிட்டு வந்த அப்புறம் அவகளே அடுத்த தேதிய நெனப்பூட்டுனாக. டாக்டர் சொன்னதுல ரெண்டு விஷயம் எங்களுக்கு ரொம்ப உதவுச்சு. ஒண்ணு, அந்த வேணும்ங்கிற உணர்வு அலை மாதிரி, ஏறும், ஒரு எடத்துல நிக்கும், எறங்கும், பெரும்பாலும் சில நிமிஷந்தான், அந்த நேரத்துல அதோட சண்டை போடாம பாத்துக்கிட்டே கடக்கணும். இன்னொன்னு, பழைய பாடம் அழியாது, அதுக்கு மேல புதுப் பாடம்தான் எழுத முடியும், அந்தப் புதுப் பாடமும் எழுதுன எடத்துலதான் நல்லா வேலை செய்யும். என் ரூமுல உக்காந்து உறுதியா இருக்கது பஸ் ஸ்டாப்புல செல்லாது தம்பின்னு அவன்கிட்டயே சொன்னாரு. திருப்பூர்ல அவன் எழுதுன பாடம் ஏன் திருப்பூரோட நின்னு போச்சுன்னு எனக்கு அப்பத்தான் முழுசாப் பிடிபட்டுச்சு.

பேஸ்ட்ட நிறுத்திட்டு பல்பொடி. மொத மூணு மாசம் அந்த ஸ்டாப்புலயே ஏற வேண்டாம், ஒரு ஸ்டாப் முன்னாடி நடந்து போயி ஏறு. பத்து நிமிஷம் சீக்கிரம் கெளம்பணும், மதினி அதுக்காக இட்லிப் பானைய முன்னாடியே ஏத்துனாக. ரிங்டோன மாத்துனான். அந்த ஃப்ரெண்ட விட்டுருன்னு நான் சொல்லல, அந்தப் பயலும் ஒரு வீட்டுப் பிள்ளதானே, ஆனா படியில பாக்காத, கிரவுண்டுல பாருன்னேன்.

வழுக்காமலும் இல்ல. தை மாசம் சிறாவயல் மஞ்சுவிரட்டுக்குப் போனான். கூட்டம், புழுதி, கொட்டுச் சத்தம், பழைய செட்டு மொத்தமும் அங்க. வச்சுட்டான். ராத்திரி பதினொரு மணிக்கு எங்க வீட்டுக் கதவத் தட்டி, அவனே சொன்னான், அழுதுக்கிட்டே. பட்டியல்ல இல்லாத எடம் அயித்தை, நான் யோசிக்கவே இல்லன்னான். நோட்ட எடுத்து எழுதச் சொன்னேன், அவ்வளவுதான். மஞ்சுவிரட்டு, புழுதி வாசம், கொட்டு. போன வருஷமா இருந்தா வந்து சொல்லியிருக்க மாட்டான், பெல்ட்டு ஞாபகம்தான் வந்திருக்கும்.

என் மனசு ஆறாத ஒண்ணு அந்தக் கடைதான். பள்ளிக்கூடத்துல இருந்து 100 கஜத்துக்குள்ள புகையிலைப் பொருள் விக்கக் கூடாது, 18 வயசுக்குக் கீழ இருக்கவங்களுக்கு எங்கயும் விக்கக் கூடாது, இது 2003-ல வந்த சட்டம். மெல்லுற புகையிலைய நம்ம மாநிலத்துல 2013-லயே தடை பண்ணியாச்சு. 100 கஜம்னா 91 மீட்டரு சொச்சம். ஒரு ஞாயித்துக்கிழமை யாரும் இல்லாதப்ப நானும் மருமகனும் டேப்ப வச்சு அந்தக் கடைக்குப் பக்கத்துல இருக்க ஸ்கூலோட கேட்டுல இருந்து அளந்தோம், 64 மீட்டரு. மனு எழுதிக் கொடுத்தேன். வந்து பாத்தாங்க, ரெண்டு வாரம் கடை மூடியிருந்துச்சு, மறுபடி தொறந்தாச்சு. மறுபடி எழுதியிருக்கேன். ஒரு பையன் மனசுக்குள்ள நடக்குற அவ்வளவு பெரிய சண்டைய 64 மீட்டரு தூரத்துல ஒருத்தர் தினம் காலையில சரம் கட்டித் தொங்க விட்டுத் தூண்டி விடுறாரு, நாம பையனக் கூப்பிட்டு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கிறோம்.

இப்ப அவன் ப்ளஸ் டூ. சாயங்கால டியூஷனுக்கு அந்த வழியாத்தான் பஸ்ஸு, வேற வழி கிடையாது. மூணு மாசத்துக்கு அப்புறம் டாக்டரே சொன்னாரு, எப்பவும் சுத்திப் போக முடியாது, அந்த எடத்துலயே கடக்கப் பழகணும்னு. அதனால ஒரு ஏற்பாடு, ஸ்டாப்பு வர்றதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணுவான். முக்கியமாப் பேச ஒண்ணும் இருக்காது. நேத்தும் ஆறரை மணிக்கு வந்துச்சு. நான் அடுப்படியில கவுனி அரிசிய ஊறப் போட்டுக்கிட்டு இருந்தேன், தோள்ல போன இடுக்கிக்கிட்டுப் பேசுனேன். என்ன பண்றீங்கன்னான், சொன்னேன், தேங்காப்பூ நெறையப் போடுங்கன்னான், கொஞ்ச நேரம் பேச்சில்ல, பஸ்ஸு நிக்கிற சத்தம், கண்டக்டர் விசில், ஏறுற கூட்டம். அவன் மூச்சு மட்டும் கேட்டுச்சு. ஞாயித்துக்கெழமை வர்றியாடா, உனக்கு எடுத்து வைக்கவான்னு கேட்டேன். பதில் இல்ல. மறுபடி விசில்.

“தாண்டிருச்சு அயித்தை, வைக்கிறேன்”னான்.